மாடிப்படிக்குக் கீழே குளியலறை: கரண்ட் வேலையில் எங்கே ஏமாறுவோம்

கேள்வி இதுதான். மதுரையில் 1998-ல் கட்டிய மாடி வீடு. குளியலறை மேலே இருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் கீழே படிக்கட்டுக்கு அடியில் 4 அடிக்கு 6 அடியில் ஒரு ஷவர், வெஸ்டர்ன் டாய்லெட், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைக்கலாம் என்று திட்டம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "பக்கத்துலயே ஃபிரிட்ஜ் பிளக் இருக்கு சார், அதுலேர்ந்து லைன் எடுத்துடலாம், ஒரு நாள் வேலை" என்கிறார். சரியா? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சரியில்லை. ஆனால் எல்லோரும் சொல்கிற காரணத்தால் மட்டும் அல்ல.

எல்லோரும் சொல்கிற காரணம் வயர் தாங்காது என்பது. அது உண்மைதான். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஃபிரிட்ஜ் இழுப்பது ஒன்றோ ஒன்றரையோ. அந்தக் காலத்து வயரிங் 3/22, 3/20 என்ற கணக்கில் ஓடியிருக்கும். 3/22 என்றால் இன்றைய அளவில் சுமார் 1.2 ஸ்கொயர் எம்எம். அதில் 13 ஆம்பியரை ஓடவிட்டால் ஒரே நாளில் எரிந்துவிடாது. தினம் காலையில் பத்து நிமிடம் சூடாகும், ஆறும். பிவிசி உறை மெல்ல மெல்லக் காய்ந்து, வெடிப்பு விட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில் சுவருக்குள் ஷார்ட் ஆகும். அப்போது யாருக்கும் ஹீட்டர் ஞாபகம் வராது.

இதைப் புது வயர் போட்டுச் சரிசெய்துவிடலாம். குளியலறையில் உயிர் போவது பெரும்பாலும் மெல்லிய வயரால் அல்ல. கசியும் கரண்ட் திரும்பிப் போக ஒழுங்கான பாதை இல்லாததாலும், கசிவைக் கண்டுபிடித்து லைனை அறுக்க ஆளில்லாததாலும்தான். 4 ஸ்கொயர் வயர், கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து லைனை அறுக்கும் பெரிய கம்பெனி எம்சிபி எல்லாம் போட்ட வீட்டிலும் இது நடக்கலாம்.

ஹீட்டருக்குள் இருப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய். நடுவில் நைக்ரோம் கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் இடையே வெள்ளை நிறத்தில் இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி. கம்பியில் ஓடும் 230 வோல்ட்டையும் நீங்கள் குளிக்கும் தண்ணீரையும் பிரித்து வைத்திருப்பது இந்தப் பொடியும், அதை மூடியிருக்கும் மெல்லிய தகடும் மட்டும்தான். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் அந்தக் குழாயின் மேல் சுண்ணாம்புப் பொருக்கு பிடிக்கும். பொருக்கு பிடித்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். ஒருநாள் அங்கே மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியே ஈரம் பொடிக்குள் இறங்கினால், பொடி இனி மின்காப்பு இல்லை. ஹீட்டர் அப்போதும் வேலை செய்யும், தண்ணீர் அப்போதும் சுடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டி, பித்தளை நிப்பிள், குழாய் எல்லாம் கரண்டோடு நிற்கும்.

இந்த நிலையில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கில் பார்க்கலாம். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குத் தனி எர்த் குழி. கசிந்த கரண்ட் எர்த் வயர் வழியாகக் குழிக்குப் போய், மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பாதையின் மொத்தத் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அது நல்ல எர்த். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். நீங்கள் போட்டிருப்பது 16 ஆம்ப் எம்சிபி. 23 ஆம்பியர் என்பது அதன் அளவில் ஏறக்குறைய 1.45 மடங்கு. அந்த மடங்கில் எம்சிபி விழுவதற்குத் தரவிதி கொடுத்திருக்கும் நேரம் ஒரு மணி. சி கர்வ் என்ற வகை எம்சிபி சட்டென்று விழ வேண்டுமென்றால் 80 முதல் 160 ஆம்பியர் வரை ஓட வேண்டும். கவனிக்காமல் விட்ட குழி கோடையில் காய்ந்து பாதை 50 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர். எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆண்டுக்கணக்கில் விழாமல் நிற்கும். அத்தனை நேரமும் ஷவர் குழாயில் ஏறக்குறைய முழு வோல்டேஜ். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று குழாயைத் தொட்டால் உடம்பு வழியே 200 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் பாயலாம். 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எம்சிபி வயரைக் காக்கிற கருவி, ஆளைக் காக்கிற கருவி இல்லை. ஆளைக் காக்க ஆர்சிசிபி வேண்டும். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள், 150 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.04 நொடிக்குள் அறுத்துவிட வேண்டும் என்பது அதற்கான தரம். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் ரகமும் கிடைக்கும். அடிக்கடி விழாது என்று சொல்லி அதைத் தலையில் கட்டுவார்கள். அவை தீ விபத்துப் பாதுகாப்புக்கானவை. குளியலறைக்கு ஆகாது.

எர்த் சுமாராக இருந்தாலும் ஆர்சிசிபி வேலை செய்யும், காரணம் அதற்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் கசிவுதான். எர்த்தே இல்லாவிட்டால்? அப்போதும் விழும், ஆனால் கசிவுக்குப் பாதையாக ஆள் அமைந்த பிறகுதான். அதாவது அம்மா குழாயைத் தொட்டு ஷாக் வாங்கிய பிறகு. உயிர் பிழைக்கலாம், ஆனால் 74 வயதில் ஈர டைல்ஸ் மேல் பதறி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். எர்த் இருந்தால் எலிமென்ட் கெட்ட அன்றே, யாரும் உள்ளே இல்லாதபோதே, சுவிட்ச் போட்டவுடன் விழும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்பது.

எலக்ட்ரீஷியன்கள் ஆர்சிசிபியை வெறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் அது கழற்றப்படாமல் இருக்கும். பழைய வீடுகளில் நியூட்ரல் எங்கே கிடைத்ததோ அங்கே எடுப்பது பழக்கம். ஃபேஸ், வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியான டிபி பாக்ஸிலிருந்து ஆர்சிசிபி வழியாக வரும். நியூட்ரலை மட்டும் பக்கத்து ஸ்விட்ச் போர்டிலிருந்து தட்டிக்கொள்வார்கள். ஹீட்டரைப் போட்டவுடன் 13 ஆம்பியர் போகிறது, ஆர்சிசிபி வழியே ஒன்றும் திரும்பவில்லை. உடனே விழும். "மெஷின் கோளாறு சார்" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார்கள். கோளாறு மெஷினில் இல்லை, நியூட்ரலில்தான். இன்னொன்று, சில வீடுகளில் எர்த் சரியில்லை என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் போட்டிருப்பார்கள். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரர் திருப்தியாவார். என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும். மற்ற தவறுகளைத் திருத்தினால் போதும். இந்த லூப்பைச் செய்கிறவரை மட்டும் வேலையை விட்டே அனுப்பிவிடலாம்.

ஆகவே உங்கள் குளியலறைக்கு டிபி பாக்ஸிலிருந்து தனி லைன். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அங்கிருந்தே புறப்பட வேண்டும், நடுவில் யாரிடமும் கடன் வாங்கக்கூடாது. ஹீட்டருக்கு 16 ஆம்ப், 30 மில்லி ஆம்பியர், டூ போல், அதாவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கிற ஆர்சிபிஓ ஒன்று. ஆர்சிபிஓ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடம்பில் இருப்பது. அது கிடைக்காவிட்டால் 25 ஆம்ப் ஆர்சிசிபி, அதற்குப் பிறகு 16 ஆம்ப் எம்சிபி. ஆர்சிசிபி மட்டும் போட்டு நிறுத்திவிடக்கூடாது, ஓவர்லோடும் ஷார்ட்டும் அதற்குத் தெரியாது.

முழு வீட்டுக்கும் மெயினில் ஒரே ஆர்சிசிபி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். புது வீட்டில் யோசிக்கலாம். 1998 வயரிங்கில் ஃபிரிட்ஜ், மோட்டார், நனைந்த வெளி விளக்கு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசியும், கூட்டிப் பார்த்தால் 15 மில்லி ஆம்பியருக்கு மேல் போய்விடும். 15-க்கும் 30-க்கும் நடுவே ஆர்சிசிபி எப்போது வேண்டுமானாலும் விழலாம். மழைக்காலத்தில் தினம் இரண்டு தடவை விழுகிற கருவியை யாரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். மேலும், சமையலறையில் மிக்சி கசிந்ததற்காகக் குளியலறையில் இருக்கும் அம்மா இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். இதே காரணத்துக்காகக் குளியலறைக்குள்ளும் ஹீட்டர் லைனும் விளக்கு லைனும் தனித்தனிப் பாதுகாப்பில் இருப்பது நல்லது.

இனி எது எங்கே என்ற விஷயம். ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரவிதியில் 701-ஆம் பகுதி குளியலறைக்கானது. தொட்டியில்லாத ஷவர் என்றால், தண்ணீர் வரும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம் என்கிறது அது. அதற்குள் சுவிட்ச், சாக்கெட் எதுவும் கூடாது. வெளிநாட்டுப் பெரிய குளியலறைகளில் இதற்கு அப்பால் இடம் மிச்சமிருக்கும். உங்கள் அறையின் அகலமே 4 அடி, அதாவது 1.2 மீட்டர். ஹெல்த் ஃபாசெட்டின் குழாய் எட்டும் தூரத்தையும் சேர்த்தால் அறையில் நனையாத மூலையே கிடையாது. ஆகவே மண்டலம் அளந்து கோடு போடும் வேலை உங்களுக்கு வேண்டாம். முழு அறையும் ஈர இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா சுவிட்சும் கதவுக்கு வெளியே. சாக்கெட் உள்ளே ஒன்றுகூட வேண்டாம். டிரிம்மருக்கு, செல்போனுக்கு, பின்னாளில் வாஷிங் மெஷினுக்கு என்று "ஒரு பாயின்ட் இருக்கட்டுமே" என்பார்கள். வைத்தால் ஒருநாள் அதில் இம்மெர்ஷன் ராடு தொங்கும்.

ஹீட்டரையும் வெளியே வைக்கலாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. படிக்கட்டுக்கு அடியில் உயரம் சரிந்துகொண்டே வரும். நிமிர்ந்து நிற்க முடிகிற பக்கத்தில் ஷவர் போய்விட்டால் ஹீட்டருக்கு மிஞ்சுவது தலைக்கு இடிக்கும் இடம்தான். அறையின் ஒரு சுவர் வெளிப்பக்கம் என்றால், சன்ஷேடுக்கு அடியில், அந்தச் சுவரின் வெளிமுகத்தில் ஹீட்டரை மாட்டிவிட்டு, சுவரைத் துளைத்து சிபிவிசி சுடுநீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 200 மில்லிக்கும் குறைவாகத்தான் தண்ணீர் நிற்கும், ஆகவே சூடு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. சாரல் படும் இடம் என்றால் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் போட்ட ஹீட்டரும், மூடியுள்ள வெதர்புரூப் சாக்கெட் பெட்டியும் அவசியம். அந்தச் சுவர் வாய்க்காவிட்டால் ஷவருக்கு எதிர்ச் சுவரில், ஹீட்டரின் அடிப்பகுதி 6 அடிக்குக் கீழே வராதபடி மாட்டலாம்.

"கேஸ் கீசர் வைத்துவிட்டால் கரண்ட் தொல்லையே இல்லையே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 24 சதுர அடி அறைக்குள் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடு. வேண்டாம்.

ஹீட்டருக்கு சுவிட்ச் டூ போல், அதாவது டிபி சுவிட்ச் (இந்த டிபி வேறு, டிபி பாக்ஸ் வேறு), 20 அல்லது 32 ஆம்ப், உள்ளே சிவப்பு விளக்கு எரிகிற வகை, கதவுக்கு வெளியே. சாதா சுவிட்ச் ஃபேஸை மட்டும் அறுக்கும். பழைய வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடந்தாலோ, கம்பத்தில் வேலை செய்தவர்கள் மாற்றிக் கட்டிவிட்டாலோ, சுவிட்சை அணைத்த பிறகும் எலிமென்ட் ஃபேஸிலேயே இருக்கும். டிபி சுவிட்ச் இரண்டையும் அறுத்துவிடும். அம்மா குளிக்கப் போகும் முன் தண்ணீரைப் பிடித்துவைத்து சுவிட்சை அணைத்துவிடுவது பழைய காலப் பழக்கம். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் அது சிரமம்தான். ஆனால் வயதானவர்களுக்கு வாளியில் பிடித்துக் குளிப்பதே வசதி என்றால், அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

சாக்கெட்டும் பிளக்கும் என்றால் 16 ஆம்ப் தனி சாக்கெட். 6, 16 இரண்டு பின்னும் ஏற்கும் கலப்பு சாக்கெட்டில் ஸ்பிரிங் பிடிப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் 13 ஆம்பியர் ஓடினால் முதலில் பிளக் பின் பழுப்பாகும், பிறகு மீன் வறுத்த மாதிரி ஒரு நாற்றம், பிறகு சாக்கெட் முகம் உருகும். மாதம் ஒருமுறை ஹீட்டர் ஓடி முடித்ததும் அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றும் நேரம்.

வயர் விஷயத்தில் சண்டை வேண்டாம். கணக்குப்படி 3 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர் செம்பு போதும், 15 மீட்டர் ஓட்டத்தில் இழப்பு 3 வோல்ட்தான். ஆனாலும் 4 ஸ்கொயர் போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் சுவருக்குள் ஓடும் வயர், ஒருமுறை டைல்ஸ் ஒட்டினால் திரும்ப உருவ முடியாத வயர். விலை வித்தியாசம் ஒரு பெட்டி டைல்ஸ் அளவுகூட வராது. சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் 4 ஸ்கொயர். எர்த்துக்கு மட்டும் 1 ஸ்கொயர் போட்டு மிச்சம் பிடிக்க விடாதீர்கள். டிபி பாக்ஸிலிருந்து 12 மீட்டர் தூரம் என்றால் ஒவ்வொன்றும் 15 மீட்டர், மொத்தம் 45 மீட்டர். 90 மீட்டர் காயிலில் பாதி. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 694 எண் வயர் மேலேயே அச்சடித்திருக்கும். 25 எம்எம் பிவிசி பைப், மீடியம் ரகம், 3 மீட்டர் நீளத்தில் ஐந்து. பைப்புக்குள் இணைப்பு கூடாது. முழுத் துண்டாகப் போக வேண்டும்.

பைப் ஓடும் வழியும் முக்கியம். குளியலறைத் தரைக்கு அடியில் போக வேண்டாம், பைப் இணைப்பு வழியே தண்ணீர் இறங்கி உள்ளேயே தேங்கி நிற்கும். ஈரச் சுவரின் உட்பக்கமும் வேண்டாம். ஹால் பக்கத்து முகத்தில் காடி வெட்டி, நேர் கிடையாகவும் நேர் செங்குத்தாகவும் கொண்டுபோங்கள். குறுக்கே சாய்த்து வெட்டினால் பிற்பாடு துவாலைக் கம்பி மாட்ட டிரில் போடுகிறவர் அதில்தான் இறக்குவார். பூசுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரையும் காடி வெட்டும் நாளில் ஒன்றாக நிற்க வைப்பது கஷ்டம்தான், ஆனால் அந்த அரை மணி நேரம் டைல்ஸ் உடைப்பதை மிச்சப்படுத்தும்.

படிக்கட்டுக்கு அடி என்று சொன்னீர்கள். நம் வீடுகளில் இபி மீட்டர், மெயின் சுவிட்ச், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் குடியிருக்கும் இடமும் அதுதான். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மீட்டர் பலகை இருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதை மாற்ற வேண்டும். டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் போகாது என்று நினைப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் தண்ணீரை உறிஞ்சும், இரண்டு மழைக்காலத்துக்குள் மறுபக்கம் பெயின்ட் உப்பும். அந்த ஈரச் சுவரில்தான் டிபி பாக்ஸின் தகரப் பெட்டி பதிந்திருக்கும். மீட்டரை மாற்ற மின் வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், மீட்டரின் முத்திரையை நீங்களோ எலக்ட்ரீஷியனோ தொடக்கூடாது. அப்படியே கூடுதல் சுமையையும் பாருங்கள்: ஏசி 8, மோட்டார் 5 அல்லது 6, ஹீட்டர் 13 என்று மூன்றும் சேர்ந்தால் 27 ஆம்பியர். உங்கள் மெயினும், உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சுமையும் இதைத் தாங்குமா என்று அந்த விண்ணப்பத்தோடே கேட்டுவிடலாம். பேட்டரியையும் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. மெயினை அணைத்துவிட்டால் வீடு முழுக்க கரண்ட் இல்லை என்று நினைத்துக் கொத்தனார் விளக்குப் பாயின்டில் கை வைப்பார். குளியலறை விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அது அப்போதும் 230 வோல்ட்டோடு உயிரோடு இருக்கும். வேலை நடக்கும் நாட்களில் இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டு வயரையும் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

விளக்கு இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்கட்டும், வயதானவர் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால் இருட்டாகக்கூடாது. ஆனால் சரிந்த கூரையில் விளக்கு கைக்கு எட்டும் உயரத்தில்தான் வரும். அங்கே 230 வோல்ட் ஹோல்டர் வேண்டாம். 12 வோல்ட் எல்இடி விளக்கு, 230-ஐ 12 ஆக்கிக் கொடுக்கும் அதன் டிரைவர் அறைக்கு வெளியே. டிரைவர் உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த, ஐசொலேட்டட் வகையாக இருக்க வேண்டும். மலிவு எல்இடி டிரைவர்கள் பலவற்றில் அந்தப் பிரிவு இருக்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஷவருக்கு எதிர்ப்புறம், எட்டாத உயரத்தில், 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக்குள். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் கூப்பிடு மணி கட்டாயம் வையுங்கள், ஆனால் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன்தான். கீழே விழுந்தால் எட்டும்படி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இன்னொன்றும் ஒட்டலாம், அதில் ஷாக் அடிக்க ஒன்றுமில்லை.

எர்த் குழிக்கு வருவோம். 1998-ல் போட்ட குழி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? பல வீடுகளில் அதன் மேல் கார் நிறுத்த சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். கண்டுபிடித்தால் முதலில் பைப்பின் தலையில் இருக்கும் கிளாம்பைப் பாருங்கள். உப்பும் கரியும் போட்ட குழியில் அந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிதான் முதலில் அரித்துப்போகும், தொட்டால் பொடியாக உதிரும். புதிதாகப் போடுவதானால் 40 எம்எம் ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. மேலே தண்ணீர் ஊற்ற வாயும், திறந்து பார்க்க மூடியும் வேண்டும். அங்கிருந்து டிபி பாக்ஸுக்கு 6 ஸ்கொயர் பச்சை செம்பு வயர். பழைய ஜிஐ தண்ணீர்க் குழாய் குளியலறைக்குள் வந்தால் அதையும் கிளாம்ப் போட்டு எர்த்தோடு சேர்த்துவிடுங்கள், அந்தக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தாதீர்கள். என்றைக்காவது பிளம்பர் நடுவில் ஒரு துண்டு பிவிசி சேர்த்துவிடுவார்.

எர்த் இருக்கிறதா என்று 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துக் காட்டுவது வழக்கம். அந்தப் பல்பின் தடை சுமார் 530 ஓம். எர்த் 50 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் பல்பு இழப்பது 20 வோல்ட்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே 50 ஓமில்தான் எம்சிபி விழவே விழாது என்று மேலே பார்த்தோம். பல்பு எரிந்தால் எர்த் வயர் எங்கோ மண்ணைத் தொடுகிறது என்று மட்டும் அர்த்தம். நியான் டெஸ்டர் அதைவிட மோசம், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எர்த் டெஸ்டர் என்ற கருவியோடு, வயர்மேன் சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து ஓமில் அளந்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

அவரே இன்னும் இரண்டு அளவுகள் எடுத்துத் தர வேண்டும். ஹீட்டரையும் எல்இடி டிரைவரையும் கழற்றிவிட்டு மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தால் 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. புது வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும், 2 அல்லது 3 காட்டினால் எங்கோ ஆணி இறங்கியிருக்கிறது அல்லது பைப்பில் தண்ணீர். பிறகு ஆர்சிசிபி டெஸ்டரை ஹீட்டர் சாக்கெட்டில் செருகி, எத்தனை மில்லி நொடியில் விழுகிறது என்று பார்ப்பது. மூன்று எண்ணையும் டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

ஆர்சிசிபியில் டி என்று எழுதிய பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். கேலண்டரில் கரண்ட் பில் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வைத்தால் மறக்காது. ஆனால் அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் பொய்க் கசிவு உண்டாக்கிப் பார்ப்பது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அது கச்சிதமாக விழும். பட்டன் வேலை செய்கிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியது. குழாயைத் தொடும்போது எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தால், "லேசாத்தானே அடிக்குது" என்று புறங்கையால் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தொட வேண்டாம். குளியலறைக்கு வெளியே வந்து டிபி சுவிட்சையும், பிறகு டிபி பாக்ஸில் அந்த ஆர்சிபிஓவையும் அணையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அணைக்காமல் ஈரத்தரையில் கால் வைக்காதீர்கள். தானாக விழுந்த ஆர்சிசிபியை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். ஹீட்டர் சுவிட்ச் போட்டதும் மறுபடி விழுந்தால் எலிமென்ட் போய்விட்டது. மாற்றும்வரை ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.